வாலைப் பார்த்தாலே தெரியும், சொந்தக்காரர் உண்டென்று

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை வந்தால் போதும், லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பலர் வண்டியை எடுத்துக்கொண்டு ஹாம்ப்ஷர் பக்கம், நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், காட்டுக் குதிரை பார்த்தோம் என்கிறார்கள். மான், பாம்பு, பறவை என்று நிறையக் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் இந்தக் குதிரை விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது.

அவை காட்டுக் குதிரைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. கிட்டத்தட்ட 5000 போனிகள், அதாவது குட்டைக் குதிரைகள், அங்கே இஷ்டத்துக்குத் திரிகின்றன, அத்தனைக்கும் சொந்தக்காரர் உண்டு. காமனர்கள் என்று பெயர். மேய்ச்சல் உரிமை அவர்களுடைய வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது, வீட்டை விற்றால் உரிமையும் வாங்கியவருக்குப் போய்விடும். 1079-ஐ ஒட்டி முதலாம் வில்லியம் மன்னர் மான் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் இது. மான் ஓடும் வழியில் வேலி போடாதே என்று குடியானவர்களின் கையைக் கட்டிவிட்டார்கள். வேலி இல்லாத இடத்தில் அவர்களுடைய கால்நடைகள் மேய்ந்தன, இன்றும் மேய்கின்றன.

அடுத்த முறை போனால் ஒரு போனியின் வாலைக் கவனித்துப் பாருங்கள். வால் மயிரில் ஒரு பக்கம் படிப்படியாக வெட்டு விழுந்திருக்கும். அஜிஸ்டர் என்ற மேற்பார்வையாளர் இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் வளைத்துப் பட்டியில் அடைக்கும்போது கத்தரிப்பது அது. அந்த வருடக் கட்டணம் கட்டியாயிற்று, இது இன்ன அஜிஸ்டரின் வட்டாரம், இரண்டும் அந்த வெட்டிலேயே தெரிந்துவிடும். உடம்பில் சொந்தக்காரரின் சூட்டுக்குறியும் இருக்கும். வரி கட்டின வண்டியில் முன்பெல்லாம் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, சொந்தக்காரர் இருந்தால் நமக்கென்ன என்பீர்கள். இங்கேதான் என் சண்டையே. கார் நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பம், நம் குடும்பம்தான், பாய் விரித்து லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று பரப்பி உட்கார்ந்திருந்தது. பெரியவர் ஒருவர் பாசமாக ஒரு கேரட்டை நீட்டினார். ஒரு போனி வந்தது, பின்னாலேயே நாலு வந்தன. ஒன்று இன்னொன்றைக் கடிக்க, அது பின்னங்காலை உதற, குழந்தைகள் அலற, பாட்டி மட்டும் "ஏய், போ அந்தப் பக்கம்" என்று முந்தானையை வீசிக்கொண்டே நிற்கிறார். கடைசியில் சாதப் பாத்திரத்துக்குள் மூக்கை விட்டது ஒரு குட்டைப் பழுப்புப் போனி, மஞ்சள் மூக்கோடு நிமிர்ந்து பார்த்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நடப்பது என்னவென்றால், கையில் தின்று பழகிய போனி காரைக் கண்டால் சாப்பாடு என்று ரோட்டோரத்திலேயே நின்றுவிடுகிறது, இருட்டில் அடிபட்டுச் சாகிறது. வேலியில்லாத ரோடுகளில் 40 மைல் வேக வரம்பு இருந்தும் வருடாவருடம் சாகின்றன. 2023 ஜூலையிலிருந்து போனிகளுக்குத் தீனி போடுவதும் தொட்டுத் தடவுவதும் அபராதத்துக்குரிய குற்றம். பாசம் என்றாலும் குற்றம்தான். தயவுசெய்து கேரட் வேண்டாம்.

அப்புறம் பன்றி. செப்டம்பர் பாதிக்கு மேல் போனால் ரோட்டில் தாய்ப்பன்றி குட்டிகளோடு நடந்து வரும், கார்கள் வரிசையில் நின்று வழிவிடும். ஓக் மரத்துக் காய் பச்சையாக உதிரும் காலம் அது. போனியோ மாடோ அதை அளவுக்கு மேல் தின்றால் விஷம், பன்றிக்கு விருந்து. அதனால் வருடத்தில் குறைந்தது 60 நாள் பன்றிகளை அவிழ்த்துவிடுகிறார்கள். பேனேஜ் என்று பேர். தரையைக் கிளறிப் பாழாக்காமல் இருக்க மூக்கில் வளையம் போட்டுத்தான் விடுவார்கள். காட்டைச் சுத்தம் செய்ய இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு நான் பார்த்ததில்லை, கூலியும் தீனியாகவே போய்விடுகிறது!

இதையெல்லாம் கட்டி மேய்ப்பது லிண்ட்ஹர்ஸ்ட் ஊரிலுள்ள வெர்டரர்கள் என்ற காட்டுப் பொறுப்பாளர்களின் நீதிமன்றம். கூட்டம் தொடங்கும்போது ஒரு அஜிஸ்டர் எழுந்து வலது கையை உயர்த்தி, முறையிட வேண்டியவர் எவரும் முன்வரலாம், கேட்கப்படும் என்று பழைய பாணியில் கூவுவார். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கூட்டம் நடக்கும் நாளில் மழை பெய்தால் அங்கே போங்கள், பொழுது நன்றாகப் போகும்.

நேரம் ஆகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், மானை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வகை உண்டு: ஃபாலோ, ரெட், ரோ, சிகா, நம் கேளையாட்டுக்கு உறவான முன்ட்ஜாக். போல்டர்வுட்டில் பார்வை மேடை இருக்கிறது, ஃபாலோ மானை அங்கிருந்து பார்க்கலாம். அக்டோபரில் போனால் ஆண் மான்கள் ஏப்பம் விடுவது போலக் கத்திக்கொண்டு கொம்போடு கொம்பு மோதும், கிட்டே போகாதீர்கள். பாம்புக்கு லிண்ட்ஹர்ஸ்ட் பக்கத்தில் ஊர்வன மையம், பிரிட்டனின் சொந்த ஊர்வன ஆறு வகையும் அங்கே உண்டு, அதில் விஷம் ஆடர் என்ற பாம்புக்கு மட்டும்தான். பறவைகளைப் பற்றி இன்று முடியாது போல. ஒன்று மட்டும்: வசந்தத்திலும் கோடையிலும் புதர்வெளியில் பல பறவைகள் தரையிலேயே முட்டையிடுகின்றன, நாயைப் பாதையை விட்டு இறக்காதீர்கள்.

கார் இல்லாதவர்கள் வாட்டர்லூவில் ரயிலேறி ப்ரோக்கன்ஹர்ஸ்ட்டில் இறங்கினால் போதும், ஸ்டேஷனை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தாலே போனிகள்தான். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடல் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நசுக்காமல் முனை சன்னமான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். வணக்கம்.