ஊசி போட்டும் ரத்தம் ஊறலைன்னா

எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்ல, 16 வருஷமா டயாலிசிஸ் யூனிட்ல மெஷின் பாத்துக்கற டெக்னீஷியன், இங்க உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு ஃபிஸ்டுலாவுல (டயாலிசிஸுக்காக கையில ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாய்ங்கள இணைச்ச எடம்) ஊசி குத்தினது நான்தான், அதனால பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே பேசிடறேன்.

ரிப்போர்ட்ட பாத்து இன்ஃப்ளமேஷன் இருக்குன்னு டாக்டர் சொன்னா நம்மாளுங்க உடனே கால அமுக்கி பாத்துட்டு 'வீக்கம் இல்லையே சார்'ங்கறாங்க. கால் வீங்கறது நீர் கோத்துக்கறது, மெஷின்ல தண்ணிய எடுத்தா வடிஞ்சிடும். நான் சொல்றது அழற்சி, அதாவது கிருமி மாதிரி ஏதோ ஒன்ன எதிர்த்து உடம்பு உள்ளயே போடற சண்டை. டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் காய்ச்சல் காட்டாது, வலி காட்டாது, நீறு பூத்த நெருப்பு மாதிரி உள்ளயே கனன்னுகிட்டு இருக்கும்.

எங்ககிட்ட ஒரு அக்கா வந்துட்டிருந்தாங்க. ஹீமோகுளோபின் 8-ஐ தாண்டவே மாட்டேங்குது, ரத்தம் ஊறறதுக்கு போடற எரித்ரோபாய்டின் ஊசி டோஸ் ஏத்தியும் பாத்தாச்சு, ம்ஹூம். உடம்புல சேத்து வெச்ச இரும்புச்சத்த காட்டற ஃபெரிட்டின் மட்டும் 900. அவங்க வீட்டுக்காரர் கேட்டார், 'இரும்புச்சத்து இவ்ளோ இருக்கே தம்பி, அப்புறம் ஏன் ரத்தம் ஊறல?' ரொம்ப சரியான கேள்வி. அழற்சி இருந்தா கல்லீரல் ஹெப்சிடின்னு ஒன்ன அதிகமா சுரக்கும், அது இரும்ப செல்லுக்குள்ளயே பூட்டி வெச்சிடும். குதிர் நிறைய நெல்லு கெடக்கு, குதிரோட வாய அடைச்சாச்சு, உலை கொதிக்குது ஆனா போட அரிசி இல்ல. அழற்சிய காட்டற சி.ஆர்.பி. டெஸ்ட் எடுத்தா அதுவும் ஏறியிருந்துச்சு. ஃபிஸ்டுலா நல்லா இருக்கு, சளி இல்ல, கால்ல புண் இல்ல, எங்கேருந்துதான் வருதுன்னு தேடி கடைசில டாக்டர் வாய தொறக்க சொல்லி டார்ச் அடிச்சார். ஈறு வீங்கி ரெண்டு கடவாப்பல்லு ஆடுது, அமுக்கினா சீழ். 'கிட்னியே போனதுக்கப்புறம் பல்ல யாரு தம்பி பாத்தா'ன்னாங்க அக்கா. எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. பல்ல எடுத்து ஈற சுத்தம் பண்ணதுக்கப்புறம் மூணு மாசத்துல, அதே டோஸ்ல, ஹீமோகுளோபின் 10 வந்துச்சு. பல்லு புடுங்கறவங்க டயாலிசிஸ் அன்னிக்கு வெச்சுக்காதீங்க, ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போட்டிருப்போம், ரத்தம் நிக்காது, டாக்டர கேட்டு வேற நாள் வெச்சுக்கங்க.

அடுத்து கழுத்துல லைன், அதாவது டயாலிசிஸுக்கான ட்யூப், வெச்சிருக்கறவங்க. அந்த ட்யூப் நேரா இதயத்துக்கு பக்கத்துல போய் நிக்குது, கிருமி உள்ள போக அதவிட குறுக்குவழி கெடையாது. 1966ல நியூயார்க்ல ப்ரெசியா, சிமினோன்னு டாக்டருங்கல்லாம் சேந்து கையில இருக்கற சிரையையும் (நாம நரம்புன்னு சொல்ற ரத்தக்குழாய்) தமனியையும் இணைச்சு ஃபிஸ்டுலா முறைய வெளியிட்டாங்க, இன்னிக்கும் அத மிஞ்சின வழி வரல. கை தடிச்சு அசிங்கமா இருக்கும்னு மாசக்கணக்கா தள்ளிப்போடறத பாத்தா மனசு பதறுது. வேலை செய்யாம உள்ளயே கெடக்கற பழைய கிராஃப்ட் (டயாலிசிஸுக்காக வெச்ச செயற்கை ரத்தக்குழாய்), தோத்துப்போன மாற்று கிட்னி, இதுங்களும் அழற்சிக்கு காரணமா இருக்கலாம்.

அப்புறம் டயாலிசிஸ் மெஷின்ல ஓடற தண்ணி. நிமிஷத்துக்கு 500 மில்லின்னா 4 மணி நேரத்துல 120 லிட்டர், மெல்லிசான ஒரு சவ்வுக்கு அந்தப்பக்கம் அவ்வளவும் ஓடுது, இந்தப்பக்கம் உங்க ரத்தம். அந்த தண்ணிய சுத்தம் பண்ற ஆர்.ஓ. பிளான்ட சரியா கழுவலைன்னா செத்த பாக்டீரியாவோட துணுக்குங்க சவ்வு வழியா உள்ள போகும், அதையே எதிரின்னு நெனச்சு உடம்பு சண்டை போட ஆரம்பிச்சிடும். 'கடைசியா தண்ணி டெஸ்ட் எப்ப பண்ணீங்க'ன்னு எங்களக் கேளுங்க, கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, பதில் சொல்றது எங்க கடமை.

ரத்தத்துல அல்புமின்ங்கற புரதம் கொறைஞ்சா சாப்பாடு மட்டும்தான் காரணம்னு வீட்ல பொம்பளைங்கள திட்டாதீங்க. முட்டை வெள்ளைக்கரு குடுத்தும் ஏறலைன்னா அழற்சிய தேடணும், ஏன்னா அழற்சி இருந்தா கல்லீரல் அல்புமின் செய்யறதையே கொறைச்சுக்கும், பசியும் செத்துடும். 1999லயே ஸ்டாக்ஹோம்ல ஸ்டென்வின்கெல் குழு கிட்னி செயலிழந்தவங்கள ஆராய்ஞ்சு, சத்துக்குறைவு, அழற்சி, ரத்தக்குழாய் அடைப்பு மூணுக்கும் நெருங்கின தொடர்பு இருக்குன்னு காட்டினாங்க. நம்மாளுங்கள்ல எத்தன பேர கிட்னியால இல்லாம ஹார்ட்டால இழந்திருக்கோம், உங்களுக்கே தெரியும்.

அழற்சின்னதும் மெடிக்கல் ஷாப்ல வலி மாத்திரை வாங்கிடாதீங்க, கொஞ்சநஞ்சம் போற மூத்திரமும் நின்னுடும், வயித்துல ரத்தம் கசியும்.

லைன் வெச்சிருக்கறவங்க யாருக்காச்சும் ட்ரெஸ்ஸிங் வேர்வைல நனைஞ்சிருந்தா கூச்சப்படாம கைய தூக்குங்க, சிஸ்டர் பின்னாடி ரூம்ல இருக்காங்க, மாஸ்க் போட்டுட்டு போய் இப்பவே மாத்திக்கலாம்.