மார்க் போடும் கை

வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஆசிரியர்களான நீங்கள் என்னை நெறிமுறை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். யாராவது கண்ணயர்ந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு பயிற்சி முகாமில் ஓர் ஆசிரியர் என்னிடம் போனை நீட்டினார். இரவு பத்தே முக்காலுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அவர் போட்ட வாட்ஸ்அப் செய்தி: 'சாப்பிட்டியாம்மா?' "அப்பா இல்லாத பிள்ளை. இதில் என்ன சார் தப்பு?" என்றார். அவர் மனதில் கள்ளம் இருந்ததாக எனக்குப் படவில்லை. ஆனால், பதில் போடாமல் இருக்க அந்தப் பிள்ளையால் முடியுமா? வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு மார்க் போடுவது அவர்தானே!

மார்க் போடும் அதிகாரம் உறவுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர்கள் அடிபட்டுக் கற்றவர்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 1953-லேயே நெறிமுறை வகுத்தது. இன்றைய விதிப்படி, தான் மதிப்பிடும் மாணவரோடும், இனி மதிப்பிட நேரக்கூடிய மாணவரோடும் பாலுறவு கூடாது. மாணவர் வயது வந்தவராக இருந்தாலும் அதே விதிதான். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கோ, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமே இருக்கிறது. 18 வயதுக்குள் சம்மதம் என்ற பேச்சே எடுபடாது.

அதற்காக எல்லா இரட்டை உறவும், அதாவது ஒரே ஆளோடு தொழில் உறவும் வேறோர் உறவும் சேர்ந்திருப்பதெல்லாம், குற்றம் என்று அந்த நெறிமுறை சொல்லவில்லை. கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் மாணவனுக்குச் சித்தப்பாவாகவும் இருப்பார், என்ன செய்வது? நடுநிலை கெடுமா, பிள்ளை சுரண்டப்படுமா என்றுதான் பார்க்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் டியூஷன்தான் இடிக்கிறது. காலையில் மார்க் போடுகிற கை, மாலையில் அதே பிள்ளையிடம் ஃபீஸ் வாங்குகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர் டியூஷன் எடுப்பதைத் தடுத்திருக்கிறது. சரி, இந்த அரங்கில் அதற்கு மேல் பேசினால் எனக்கு டீ கிடைக்காது.

இன்னொன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன், சொல்லு" என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். ரகசியத்தின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது உளவியலாளரின் கடமை. பாலியல் வன்முறை தெரியவந்தால் போக்சோ 19-ஆம் பிரிவின்படி நீங்கள் புகார் செய்தே ஆகவேண்டும். அப்போது வாக்கு மீறியவர் ஆகிவிடுவீர்கள்.

அந்த ஆசிரியர் அப்புறம் மாணவியின் அம்மா எண்ணை வாங்கிக்கொண்டார். விசாரிப்பதெல்லாம் இப்போது அம்மாவிடம், அதுவும் பகலில். சில நாள் பதிலே வருவதில்லையாம்.