வீட்டுப் பட்டறைக்கு எந்த மேசை வாள்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலேயே புத்தகத் தட்டு, அலுமாரி என்று செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மேசை வாள், அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேட் சுழலும் இயந்திரம், வாங்கப் போகும்போது, “எத்தனை குதிரைவலு மோட்டர் நல்லது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மோட்டரைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். முதலில் பிளேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

தேக்கையோ பலாவையோ நீளவாக்கில் அறுக்கும்போது, மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் விடுபட்டு, அறுபட்ட இரண்டு பக்கமும் நெருங்கி வந்து பிளேட்டைக் கவ்விக்கொள்ளலாம். பிளேட்டின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. அவை பலகையைத் தூக்கி, தள்ளுகிறவர் மீதே வீசிவிடும். 10 அங்குல பிளேட் நிமிடத்துக்கு 4,800 தடவை சுற்றினால், பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர். கையை இழுக்க நேரமே கிடைக்காது. அறுபட்ட இடைவெளி மூடாமல் இதைத் தடுக்கத்தான் பிளேட்டை ஒட்டிப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற சிறு தகடு நிற்கிறது. பிளேட் ஏறி இறங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்க வேண்டும். பெல்ட்டில் ஓடும் பழைய பட்டறை வாள்கள் பலவற்றில் இது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரத்தில் கை வைக்கிறவர், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அப்படிப்பட்ட வாளை வாங்கவே கூடாது.

அடுத்தது ஃபென்ஸ், அதாவது பலகையை அணைத்துத் தள்ளும் நீளச் சட்டம். வாள் பார்க்கக் கொழும்பில் பழைய சோனகத் தெருவுக்கோ குவாரி வீதிக்கோ போகும்போது பையில் ஓர் அளவுநாடா இருக்கட்டும். ஃபென்ஸைப் பூட்டிவிட்டு, மேசையில் வெட்டியிருக்கும் காடியிலிருந்து அதன் முன்நுனிக்கும் பின்நுனிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பூட்டைக் கழற்றி, நகர்த்தி, மறுபடி பூட்டி அளவெடுங்கள். பிறகு பின்நுனியைக் கையால் அழுத்துங்கள். அசைந்தால் அந்த வாளை விட்டுவிடலாம். பின்பக்கம் பிளேட்டை நோக்கிச் சாய்ந்த ஃபென்ஸ் மரத்தைப் பிளேட்டோடு நெரிக்கும். ஆபத்து மறுபடி அங்கேதான் வந்து நிற்கும்.

சரி, மோட்டருக்கு வருவோம். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 13 அம்பியர் பிளக்கில் ஏறக்குறைய 3,000 வாட் வரை எடுக்கலாம். 1,500 முதல் 2,000 வாட் வாள் வீட்டு வேலைக்குத் தாராளம். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய இயந்திரங்களில்தான் கவனம் வேண்டும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. இன்டக்சன் மோட்டரின் வேகம் ஹேர்ட்ஸைப் பொறுத்தது; அங்கே 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் ஏறும். பிளேட்டின் நடுத் துளையையும் பாருங்கள்: அமெரிக்க வாளுக்கு 5/8 அங்குலம், ஐரோப்பிய வாளுக்குப் பெரும்பாலும் 30 மில்லிமீட்டர். பொருத்தமான பிளேட் இங்கே கிடைக்குமா என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் வார்ப்பிரும்பு மேசை சீக்கிரம் துருப்பிடிக்கும். அடிக்கடி மெழுகு பூச முடியாதவர்களுக்கு அலுமினிய மேசையே நல்லது. எடை குறைவு, தொடர்மாடியில் வேலை முடிந்ததும் மடித்து ஓரமாக வைக்கலாம். ஆனால் இந்தச் சிறிய வாள்களின் சத்தம் அதிகம். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

பட்ஜெட்டில் கொஞ்சம் மிச்சம் பிடியுங்கள். நீளவாக்கில் அறுக்க 24 பல் பிளேட், பிளைவுட்டுக்கு 60 பல் பிளேட் என்று இரண்டு தேவை. புதிதாக வாங்கும் பிளேட்டின் வெட்டு அகலம் ரைவிங் நைஃபின் தடிப்பை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை தகட்டில் முட்டி நிற்கும். முகக்கவசமும் வாங்குங்கள். முதிரை மரத்தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். பலகையைத் தள்ளும் குச்சியை மட்டும் வாங்க வேண்டியதில்லை. முதல் நாளே ஒரு துண்டுப் பலகையில் கைவாளால் வெட்டிச் செய்துகொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.