முதல் பதிலை எழுதும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் சொந்தமாக ஒரு லிமிடெட் கம்பெனி வைத்துக்கொண்டு கான்ட்ராக்டராக வேலை பார்ப்பவர்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 'உங்கள் கம்பெனியின் ஐ.ஆர். 35 நிலையைச் சரிபார்க்கிறோம்' என்று வரித்துறையிடமிருந்து, அதாவது ஹெச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து, ஒரு கடிதம் வந்தால் யாரிடம் போவது, எப்போது போவது, போனால் அவர் நமக்கு என்ன செய்து கொடுப்பார் என்பதுதான் விஷயம். கம்பெனி வைத்திருந்தாலும் நீங்கள் உண்மையில் கிளையண்டின் ஊழியர் போலத்தான் வேலை பார்க்கிறீர்களா என்று பார்க்கும் வரி விதிதான் ஐ.ஆர். 35. நான் வரி ஆலோசகர். இந்த மாதிரிக் கடிதங்களோடு வருபவர்களை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன்.

அவர்களில் ஒரு சாஃப்ட்வேர் கான்ட்ராக்டர். என்னிடம் வரும்போது கடிதம் கிடைத்து ஏழு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் அவரே அதிகாரியிடம் போனில் பேசியிருந்தார். நேர்மையான மனிதர். மறைக்க ஒன்றுமில்லை, பிறகு எதற்கு ஆலோசகர் என்று நினைத்துவிட்டார். "வேலைக்கு வர முடியாத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "மேனேஜரிடம் லீவு சொல்லிவிடுவேன்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'மேனேஜர்', 'லீவு' இரண்டுமே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வாயில் வரும் சொற்கள். நடந்தது என்னவோ வேறு. எந்தெந்த நாள் வேலை செய்ய மாட்டேன் என்பதை இவர் கிளையண்டின் ப்ராஜெக்ட் லீடுக்கு முன்கூட்டியே தெரிவிப்பார், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல அந்த லீடுக்கு அதிகாரம் கிடையாது. அந்த நாட்களுக்குப் பணமும் கிடையாது. இரண்டு முறை தன் கம்பெனி கணக்கிலிருந்து பணம் கொடுத்து இன்னொரு டெவலப்பரை அனுப்பியும் இருக்கிறார். அதிகாரி அதைக் கேட்கவில்லை, இவருக்கும் அது முக்கியம் என்று தோன்றவில்லை. ஆனால் வழக்கே அதில்தான் இருந்தது.

ஐ.ஆர். 35 என்பது 1999 மார்ச் மாதம் அன்றைய உள்நாட்டு வரித்துறை வெளியிட்ட ஒரு செய்திக்குறிப்பின் எண். 2000 ஏப்ரலில் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அது கேட்கும் கேள்வி எளியது. நடுவில் இருக்கும் கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் நீங்கள் அந்த கிளையண்டின் ஊழியர் போல இருக்கிறீர்களா, தனித்தொழில் செய்பவர் போலவா? ஊழியர் போல என்று முடிவானால், உங்கள் கம்பெனி வாங்கிய கட்டணத்தில் பெரும்பகுதியைச் சம்பளமாகக் கணக்கிட்டு வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுத் தொகையும் வசூலிப்பார்கள். டிவிடெண்டாக எடுத்துச் செலவழித்து முடித்த பணத்துக்கு, சில வருடங்களுக்குச் சேர்த்து, ஒரே மூச்சில் கணக்கு வரும்.

இப்போதெல்லாம் கிளையண்ட்தானே முடிவு செய்ய வேண்டும், எனக்கென்ன என்று சிலர் கேட்பார்கள். பாதி சரி. 2017 ஏப்ரல் முதல் அரசுத் துறையிலும், 2021 ஏப்ரல் முதல் தனியார் துறையின் நடுத்தர, பெரிய நிறுவனங்களிலும் நிலையை முடிவு செய்து எழுத்தில் தரும் பொறுப்பு கிளையண்டுடையது. அந்த முடிவு தவறு என்று நீங்கள் சொன்னால் 45 நாளுக்குள் அவர்கள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். ஆனால் கிளையண்ட் சிறிய நிறுவனம் என்றால் பொறுப்பு இன்னமும் உங்கள் கம்பெனியுடையதுதான். பழைய வருடங்களும் இருக்கின்றன. சாதாரணமாக நான்கு வருடம் பின்னோக்கிப் போவார்கள். அலட்சியம் என்று கருதினால் ஆறு வருடம், வேண்டுமென்றே செய்தது என்றால் இருபது வருடம்.

சரி, ஊழியரா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? இன்றைக்கும் எல்லோரும் திரும்பிப் போவது 1968இல் வெளியான ஒரு தீர்ப்புக்குத்தான். ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்கு என்பார்கள். கலந்த கான்கிரீட்டை லாரியில் கொண்டு போகும் ஒரு டிரைவர். லாரி தவணையில் வாங்கியது, அவருக்கே சொந்தம். ஆனால் அதற்குக் கம்பெனியின் நிறம்தான் பூச வேண்டும், கம்பெனி யூனிஃபார்மைத்தான் போட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஊழியர்தான். இருந்தும் நீதிபதி மெக்கென்னா அவரைத் தனித்தொழில்காரர் என்றார். வண்டி அவருடையது, அதைப் பராமரிக்கும் செலவும் லாப நஷ்டமும் அவருடையவை, தேவைப்பட்டால் வேறு டிரைவரை அமர்த்திக்கொள்ளலாம். அந்தத் தீர்ப்பிலிருந்து வந்த கேள்விகளைத்தான் இன்றும் கேட்கிறார்கள். வேலையை நீங்களேதான் செய்து தர வேண்டுமா, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, மற்ற நிபந்தனைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன.

யூனிஃபார்ம் போட்டவரே ஊழியர் இல்லை என்று ஆகலாம். அதே போல, ஒப்பந்தத்தில் அழகாக 'மாற்று ஆளை அனுப்பலாம்' என்று எழுதி வைத்திருப்பவர் ஊழியர் என்றும் ஆகலாம். காகிதத்தில் இருப்பதோடு விடமாட்டார்கள், தினமும் என்ன நடந்தது என்று பார்ப்பார்கள். உங்கள் ஈமெயிலின் அடியில் கிளையண்டின் பெயரோடு ஒரு பதவி இருக்கிறதா? 'வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டு எழுதியிருக்கிறீர்களா? சொல்லும் பழக்கத்தில் வந்த சொற்கள் பிறகு சாட்சியமாக மாறுவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

நல்ல ஆலோசகர் முதலில் செய்யும் வேலை இதுதான். உங்களை உட்கார வைத்து, ஒரு சாதாரண வாரம் எப்படிப் போனது என்று திங்கள் காலையிலிருந்து கேட்பார். ஒப்பந்தங்கள், இன்வாய்ஸ்கள், ஈமெயில்கள் எல்லாவற்றையும் அதோடு வைத்துப் பார்ப்பார். உங்களுக்குப் பாதகமானதையும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்வார். கூடவே உங்கள் சார்பில் பேச ஹெச்.எம்.ஆர்.சி.யிடம் பதிவு செய்துகொள்வார். அதன் பிறகு கேள்விகள் பொதுவாக அவர் வழியாக வரும். நேரில் வாருங்கள் என்று அதிகாரி அழைத்தால் போவது கட்டாயம் இல்லை, கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொல்லலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது. ஆனால் சட்டப்படியான நோட்டீஸாக வந்தால் கதை வேறு. அதற்குப் பதில் தராமல் விட்டால் முதலில் 300 பவுண்டு, பிறகு நாளொன்றுக்கு 60 பவுண்டு வரை அபராதம் போடலாம். கையில் இருப்பது வெறும் கடிதமா நோட்டீஸா என்று பிரித்துச் சொல்வதும் ஆலோசகரின் வேலை.

இன்னொன்று. அதிகாரி உங்கள் கிளையண்டிடமும் பேசுவார். அங்கே பதில் சொல்பவர் உங்களோடு ஒரு நாளும் வேலை பார்க்காத ஒரு மனிதவளத் துறை அதிகாரியாக இருக்கலாம். 'எங்கள் ஆட்களைப் போலத்தான் இருந்தார்' என்று அவர் போகிற போக்கில் சொன்னாலும் அது குறிப்பில் ஏறிவிடும். அந்தக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, உண்மை தெரிந்தவரிடம் ஒரு வாக்குமூலம் பெற்று எதிரே வைக்க அனுபவம் உள்ளவரால்தான் முடியும்.

யாரிடம் போவது? வருடக் கணக்கு போடும் உங்கள் அக்கவுண்டண்ட் நல்லவராக இருக்கலாம். ஆனால் இது வேறு தொழில். அவருக்குத் தகவல் சொல்லுங்கள், ஆவணங்கள் அவரிடம்தான் இருக்கும். வழக்கை நடத்த மட்டும் இதிலேயே ஊறியவரைத் தேடுங்கள். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் அக்கவுண்டண்ட் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம், ஆனால் சார்ட்டர்டு என்ற பட்டத்தை அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் எந்த அமைப்பில் உறுப்பினர் என்று கேளுங்கள். ஐ.ஆர். 35 வழக்குகள் எத்தனை பார்த்திருக்கிறார், அவை எப்படி முடிந்தன, உங்கள் கோப்பைத் தினமும் கையாளப்போவது அவரா வேறு ஒருவரா, கட்டணம் எப்படி என்றும் கேளுங்கள். ஜெயிப்பது உறுதி என்பவரையும், 'ஹெச்.எம்.ஆர்.சி. அங்கீகரித்த திட்டம்' என்று ஒன்றை நீட்டுபவரையும் விட்டு விலகி வந்துவிடுங்கள். வரியைத் தவிர்க்கும் எந்தத் திட்டத்தையும் ஹெச்.எம்.ஆர்.சி. அங்கீகரிப்பதில்லை.

நீங்கள் வக்கீலிடம் சட்ட ஆலோசனைக்காகப் பேசுவது வரித்துறையால் கேட்டு வாங்க முடியாத இரகசியம். அதே ஆலோசனையை அக்கவுண்டண்டிடம் பெற்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விஷயம் டிரிப்யூனல், அதாவது வரி வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம், பக்கம் போகும் என்று தெரிந்தால் இதை மனதில் வைத்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

டிரிப்யூனல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோ அறிவிப்பாளர் கேய் ஆடம்ஸின் கம்பெனி ஐ.ஆர். 35 வழக்கில் 2019இல் முதல் நிலை டிரிப்யூனலில் ஜெயித்தது, 2021இல் மேல் டிரிப்யூனலிலும் ஜெயித்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்ப, 2023இல் மறுபடியும் முதல் நிலையில் ஜெயித்தது. விவாதம் இரண்டே வரி ஆண்டுகளைப் பற்றியது. முதல் நிலை டிரிப்யூனலில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு, ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் திரும்பி வராது. அதனால்தான் விசாரணைச் செலவுக்கான காப்பீடு. சில பாலிசிகள் ஆலோசகர் கட்டணத்தை மட்டும் ஏற்கும், சில வரித்தொகையையும் ஏற்கும். கடிதம் வந்த பிறகு எடுத்தால் அந்த விசாரணைக்கு உதவாது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. கான்ட்ராக்டர் சங்கங்களின் உறுப்பினர் சலுகைகளிலும், அக்கவுண்டண்ட் வாங்கும் வருடக் கட்டணத்துக்குள்ளும் இது அடங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பதில் எழுதும் முன் அந்தக் காகிதங்களைத் தேடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே சொல்லாமல் விட்டாலும் பணம் கிடைக்காமல் போகலாம்.

கட்டணம் கொடுக்க வழியே இல்லாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள், டாக்ஸ்எய்டு என்ற தொண்டு நிறுவனத்தை அணுகலாம். இலவசமாக உதவுகிறார்கள்.

அலட்சியம் என்ற சொல்லுக்கு வருகிறேன். அலட்சியமாகத் தவறு செய்தவருக்கு, வரித்துறை கேட்ட பிறகு ஒப்புக்கொண்டால் அபராதம் வரித்தொகையில் 15 முதல் 30 சதவீதம். நியாயமான கவனத்தோடு நடந்தும் தவறாகிவிட்டது என்றால் அந்த அபராதமே இல்லை. ஒப்பந்தம் போட்ட சமயத்திலேயே தகுதியுள்ள ஒருவரிடம் அதைக் காட்டி, அவர் சொன்னதை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் அந்தக் காகிதம் இங்கே பேசும். இப்போது புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் இதைச் செய்துவிடுங்கள்.

அந்த சாஃப்ட்வேர்காரருக்கு நாங்கள் முதலில் எழுதியது ஒரு திருத்தக் கடிதம். போனில் சொன்ன வார்த்தைக்கு உண்மையான பொருள் என்ன என்று இரண்டு பக்கம். அதோடு அந்த மாற்று டெவலப்பர் அனுப்பிய இரண்டு இன்வாய்ஸ்கள், பணம் போன நாளைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மெண்ட். ப்ராஜெக்ட் லீட் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். தேடிப் பிடித்து, நடந்ததை அவர் நினைவிலிருந்து அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்க இரண்டரை மாதம் ஆனது. பதினான்காவது மாதம் விசாரணையை முடித்துக்கொள்வதாக ஒரு பக்கக் கடிதம் வந்தது. அதை மனைவியிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்கு போன் செய்தார். அந்தப் பதினான்கு மாதமும் அவர் சரியாகத் தூங்கவில்லை என்று மனைவிதான் என்னிடம் சொன்னார்.