தொட்டி மேல் ஏறி அழுதது யார்? பழைய தெரு நினைவுகள் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். இன்றைக்கு வந்த கேள்விகளில் இதை எடுத்ததற்குக் காரணம், இதில் ஒரு சண்டை இருக்கிறது. கேள்வியைப் படித்துவிடுகிறேன்.

"சின்ன வயதில் நாங்கள் ஒரு பழைய குடியிருப்பில் ஒரே தெருவில் இருந்தோம். 30 வருடம் கழித்து அந்தத் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசினோம். தெருக்கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி, இறங்கத் தெரியாமல் மேலே உட்கார்ந்து அழுதது நான். ஆனால் எதிர்வீட்டுத் தோழி அது தனக்கு நடந்தது என்று சாதிக்கிறாள். யார் பொய் சொல்கிறோம்? இன்னொரு சந்தேகம். அந்தத் தெருவைப் போய்ப் பார்த்தேன். ஏன் அவ்வளவு குறுகலாக இருக்கிறது?"

இரண்டாவது சந்தேகம் சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். ஆறு வயதில் உங்கள் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. 2011இல் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆளைப் படுக்கவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு திரையை மாட்டி, அதில் தன் உடம்பு இருக்கும் இடத்தில் ஒரு பொம்மையின் உடம்பைக் காட்டி, அதுவே தன் உடம்பு என்று தோன்றும்படி செய்தார்கள். பொம்மையின் காலையும் அவர் காலையும் ஒரே நேரத்தில் தடவினால் போதும், மனசு ஏமாந்துவிடுகிறது. சின்ன பொம்மைக்குள் 'இருந்தவர்களுக்கு' எதிரில் உள்ள பொருள்கள் பெரிதாகவும் தள்ளியும் தெரிந்தன. அதாவது உடம்புதான் நமக்கு அளவுகோல். உங்கள் அளவுகோல் நீண்டுவிட்டது. அப்புறம், இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, மதிலையும் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டியிருந்தால் தெரு நிஜமாகவே குறுகியும் போயிருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தொட்டிக்கு வருவோம்.

பெரும்பாலும் இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. 2001இல் இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 ஜோடிகளிடம் பழைய நினைவுகளைச் சொல்லச் சொன்னார்கள். 14 ஜோடிகளில், குறைந்தது ஒரு சம்பவத்தையாவது இரண்டு பேருமே 'எனக்கு நடந்தது' என்று சொன்னார்கள். ஒரே சம்பவம், இரண்டு சொந்தக்காரர்கள். வயது நெருங்கிய உடன்பிறந்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தெருவில் ஒன்றாகவே அலைந்த பிள்ளைகளிடம் நடக்காதா என்ன?

நடந்த காட்சி மனசில் தங்குகிறது, அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டு உதிர்ந்துவிடுகிறது. கண்ணால் பார்த்ததா, காதால் கேட்டதா, நமக்கு நடந்ததா என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்த குழந்தைக்கும் ஏணியின் துரு தெரியும், மேலே கேட்ட அழுகை தெரியும், ஓடிவந்த பெரியவர்களின் கத்தல் தெரியும். அடுத்த பத்து வருடம் அந்தக் கதையை வீட்டில் பத்துப் பேர் பத்து முறை சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் மனசு அதைப் படமாக ஓட்டிப் பார்க்கும். எங்கேயோ ஒரு நாள், படத்தில் கீழே நின்றவள் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டி, பல நாள் மூடாமல் போட்டிருந்தார்கள். அதில் நான் விழுந்தேன். ஈர மண் வாசம், மண் போகாமலிருக்கக் குழாயின் வாயில் அடைத்திருந்த சாக்கு, மேலே தெரிந்த ஒரு துண்டு வானம், எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. நண்பர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே. போன வருடம் தம்பி எதிரில் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. முகத்தைத் தூக்கித் தாடைக்கு அடியில் இருந்த தையல் தழும்பைக் காட்டினான். நான் என் தாடையைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது! அந்தத் துண்டு வானம் இன்னமும் எனக்குத் தெரிகிறது, அதுதான் வேடிக்கை. விழுந்தது அவன் என்று ஒப்புக்கொண்ட பிறகும் படம் மாறவில்லை.

அதனால், 'அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருக்கிறதே, எப்படிப் பொய்யாகும்' என்ற வாதத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். தெளிவு சாட்சி ஆகாது. இன்னொரு வழி சொல்வார்கள்: தொட்டி மேலிருந்து கீழே பார்ப்பது போல நினைவு வருகிறதா, இல்லை மேலே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது போல வருகிறதா என்று பாருங்கள், முதல் வகைதான் நிஜம் என்பார்கள். நான் அதை நம்பமாட்டேன். பழைய நினைவு என்றாலே நம்மையே நாம் தள்ளி நின்று பார்ப்பது போல வருவது சகஜம். நான் பள்ளத்துக்குள்ளிருந்து வானத்தைப் பார்த்தேன், ஆனால் விழவே இல்லையே.

புகைப்படம் இருந்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். கவனம். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 பேருக்கு அவர்களுடைய சின்ன வயதுப் படத்தை வெட்டி ஒட்டி, வெப்பக்காற்று பலூனில் பறப்பது போல ஒரு படம் செய்து காட்டினார்கள். அப்படி யாரும் பறந்ததே இல்லை. மூன்றாவது சந்திப்பு முடிவதற்குள் பாதிப் பேர் அந்தப் பயணத்தை முழுதாகவோ கொஞ்சமாகவோ 'நினைவுகூர்ந்து' விட்டார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்து, எடுத்த நாளே ஞாபகம் இருக்கிறது என்று சொல்லும்போது, படம்தான் ஞாபகம் இருக்கிறதோ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது உங்கள் கூட்டத்துக்கு நேரடியாக உதவும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நிறைய ஞாபகம் வரும் என்றுதானே கூடுகிறோம்? 1997இல் வெளிவந்த சோதனைகளில் மூன்று மூன்று பேராக வைத்துப் பார்த்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து சொன்ன மூன்று பேரைவிட, தனித்தனியே எழுதிய மூன்று பேரின் தாள்களைச் சேர்த்தபோதுதான் அதிகம் கிடைத்தது. ஒருவர் பேசப் பேச, நாம் பிடித்துக்கொண்டிருந்த நூல் அறுந்துவிடுகிறது. போதாததற்கு, பேச்சில் ஒரு விஷயத்தின் பாதி மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், சொல்லாமல் விட்ட மறுபாதி கேட்பவர்களுக்கும் மங்கிப்போகிறது. இது 2007இல் வந்த ஆய்வு. எந்தக் கூட்டத்திலும் சத்தமாகக் கதை சொல்லும் ஒருவர் இருப்பார் இல்லையா, கடைசியில் அவருடைய தெருதான் எல்லாருடைய தெருவாகவும் ஆகிவிடும்.

அதனால் அடுத்த முறை கூடும்போது, பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள். தெருவை வரையச் சொல்லுங்கள், பக்கத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். என் தாளில் எங்கள் வீடு நடுவில், பெரிதாக இருந்தது. மூலை வீட்டுக்காரர் பின்சந்திலிருந்து ஆரம்பித்திருந்தார், அவருக்கு அதுதான் வாசல். எங்களைவிட ஆறு வயது பெரிய அக்கா ஒருவர் எந்த வீட்டில் நாய் இருந்தது என்பதை எல்லாம் விட்டுவிட்டு, எந்தெந்த விளக்குக் கம்பம் எரியாது என்று குறித்திருந்தார். மாலையில் தனியாக நடந்து வந்தவருக்குத்தான் அது தெரியும். எங்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. பேச்சில் ஆரம்பித்திருந்தால் அந்தக் கம்பங்கள் வந்தே இருக்காது, நாயைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருப்போம்.

உங்கள் சண்டையைத் தீர்த்தே ஆகவேண்டும் என்றால், அப்போது பெரியவர்களாக இருந்த யாரையாவது கேளுங்கள். ஆனால் 'ஏறியது நானா, அவளா' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். 'தொட்டி ஏணியில் ஒரு பிள்ளை ஏறியதே, அன்று என்ன நடந்தது' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மூன்றாவதாக ஒரு பெயர் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.