திங்கட்கிழமை டிவியில் வராத பல்கலைக்கழகங்கள்

வணக்கம் நேயர்களே. டர்பனிலும் மாரிட்ஸ்பர்க்கிலும் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

பிப்ரவரி பிறந்தால் நம்மில் பல வீடுகளில் திங்கட்கிழமை இரவு ரிமோட்டுக்குச் சண்டை. வார்சிட்டி கப் ரக்பி! 2008இல் எட்டுப் பல்கலைக்கழகங்களோடு தொடங்கிய போட்டி அது. முதல் மூன்று வருடமும் ஸ்டெல்லன்போஷின் மேட்டீஸ் அணிதான் கோப்பையைத் தூக்கியது. வண்ண விளக்குகளையும் நிறைந்த கூட்டத்தையும் பார்க்கப் பார்க்க, பல்கலைக்கழக விளையாட்டு என்றாலே இதுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்புறம் யாராவது என்னிடம் கேட்பார்கள்: "எங்க பையனுக்குச் சின்ன யூனிவர்சிட்டியிலதான் இடம் கெடச்சிருக்கு. அங்க விளையாட்டெல்லாம் உண்டா?"

உண்டு. ஆனால் அதை அளக்க வேறு அளவுகோல் வேண்டும்.

நம் தென்னாப்பிரிக்காவில் 26 அரசுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அரசு மானியம் எதைக் கணக்கிட்டு வருகிறது? எத்தனை மாணவர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியானது, இப்படி. அந்தக் கணக்கில் கால்பந்து கோலுக்கும் ரக்பி ட்ரைக்கும் இடமில்லை. ஆகவே விளையாட்டுக்கான பணத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பையிலிருந்தோ ஸ்பான்சரிடமிருந்தோதான் தேட வேண்டும். பழைய மாணவர்கள் வங்கியிலும் சுரங்க நிறுவனத்திலும் பெரிய பதவியில் இருக்கும் இடத்துக்கு அது எளிது. உம்லாசியில் இருக்கும் மங்கோசுத்து பல்கலைக்கழகத்துக்கோ, 2014இல் கிம்பர்லியில் திறந்த சோல் பிளாட்ஜே பல்கலைக்கழகத்துக்கோ அப்படி இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. நிறவெறி அரசின் 1959 பல்கலைக்கழகச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரி என்று பிரித்தார்கள். இந்திய வம்சாவளியினரான நமக்குக் கிடைத்தது டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவு. 1961இல் கடற்படையின் பழைய கட்டடங்களில் வகுப்பு தொடங்கியது. பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போனார்கள். 1972இல்தான் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம் மாறியது. 2004இல் அது நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசூலு-நேட்டால் ஆனது.

விளையாட்டை நடத்துவது அன்று அரசியல்தான். 1973இல் உருவான, நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பான சாகோஸ், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது என்று முழங்கியது. இன அடிப்படையில் நடக்கும் போட்டியில் காலை வைத்தால் வெளியே போ என்பது அவர்கள் விதி. இருபது வயதில் நல்ல வேகத்தோடு இருக்கும் பையனுக்கு அது எவ்வளவு பெரிய விலை என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு சாம் ராமசாமி நடத்திய, நிறவெறி நாட்டை ஒலிம்பிக்கிலிருந்து ஒதுக்கி வைக்கும் போராட்டம் எல்லோருக்கும் தெரியும். உள்ளூரில் ஆடாமலே வயதாகிப்போனவர்களை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். சிறிய பல்கலைக்கழகம் எதைச் செய்யலாம் என்பதற்குக் கேப் டவுனுக்குப் பக்கத்தில் பெல்வில்லில் இருக்கும் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். அதுவும் 1960இல் அந்தச் சட்டத்தால் பிறந்ததுதான், அரசு 'கலர்ட்' (கலப்பினத்தவர்) என்று வகைப்படுத்திய மக்களுக்கென்று. காரில் ஏறினால் ஸ்டெல்லன்போஷ் ரொம்பத் தூரமில்லை. பணத்தில் அதோடு மோத முடியாது. ஆனால் பெண்கள் கால்பந்தை அவர்கள் விடாமல் வளர்த்தார்கள். அங்கே படித்து ஆடிய தெம்பி கட்லானா 2018இல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை ஆனார். 2023 உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிராகக் ஆட்ட முடிவில் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் அவர் போட்ட கோலால்தான் நம் பெண்கள் கால்பந்து அணியான பன்யானா பன்யானா 3-2 என்று வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. ரக்பியையும் அவர்கள் விட்டுவிடவில்லை. 1995 உலகக் கோப்பை வீரர் செஸ்டர் வில்லியம்ஸ், 2019இல் இறக்கும்வரை அங்கே பயிற்சியாளராக இருந்தார். அங்கே ஆடிய ஹெர்ஷல் ஜான்டிஸ் அதே ஆண்டு நம் தேசிய ரக்பி அணியான ஸ்பிரிங்பாக் சட்டையோடு உலகக் கோப்பை வென்றார்.

பதினைந்து விளையாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்றை எடுத்து ஒழுங்காக நடத்தலாம் என்பது என் கட்சி. ரக்பிக்கு 23 பேர், பிசியோ, காப்பீடு, பெரிய பஸ் எல்லாம் வேண்டும். நெட்பாலுக்கு ஏழு பேர் களத்தில் நின்றால் போதும். ஓட்டத்துக்கு அதுகூட வேண்டாம். 1939இல் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்த மண்டேலா அங்கே கால்பந்தும் ஆடினார், காட்டு மேட்டில் நெடுந்தூர ஓட்டமும் ஓடினார். டர்பனுக்கும் மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921இலிருந்து காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் ஓடும் ஊர் நம்முடையது. ஓட்டத்துக்கு இங்கே ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

கால்பந்தும் நமக்குப் புதிதல்ல. சாட்ஸ்வொர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல் பி.எஸ்.எல். என்ற நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கின் முதல் சாம்பியன் ஆனபோது பைரேட்ஸ், சீஃப்ஸ் என்ற பெரிய கிளப்புகளே பின்னால் நின்றன. பணக்காரக் கிளப் இல்லை அது! இன்றைக்கும் கரீஸ் ஃபவுண்டன் மைதானம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்து மைதானமும் கல்லூரிப் பிள்ளைகளும் இவ்வளவு அருகில் இருந்தால் புதிதாக ஸ்டேடியம் எதற்கு என்று எனக்குத் தோன்றும்.

விளையாட்டு என்றால் எல்லோரும் கோச்சைப் பற்றியே பேசுகிறார்கள், ஆனால் பிள்ளைகள் விளையாட்டை விடுவது பெரும்பாலும் பஸ்ஸால். பயிற்சி மாலை ஆறு மணிக்கு. கடைசி டாக்சி எப்போது? வெளியூர் விடுதியில் தங்கும் பெண் பிள்ளை இருட்டில் எப்படித் திரும்புவாள்? அரசின் என்எஸ்எஃப்ஏஎஸ் மாணவர் உதவித்தொகையில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் வருகிறது, பூட்ஸுக்கு எங்கே போவது? பயிற்சி முடிந்து போனால் விடுதிச் சமையலறை மூடியிருக்கிறது. இந்த நாலைச் சரிசெய்தால் வெளிநாட்டுக் கோச் இல்லாமலே அணி நிற்கும் என்று அடித்துச் சொல்வேன்.

எனவே திறந்தநாள் விழாவுக்குப் போகும் அப்பா அம்மாக்களே, கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பையைப் பார்த்து மயங்க வேண்டாம். விளையாட்டு அலுவலகத்தைத் தேடிப் போய்க் கேளுங்கள்: மைதான விளக்கு வேலை செய்கிறதா? பயிற்சிக்குப் பிறகு பஸ் உண்டா? முதல் அணியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு விடுதிகளுக்கு இடையேயான லீக் நடக்கிறதா? பாடத்தில் பின்தங்கினால் யார் கவனிக்கிறார்கள்? பதில் சொல்பவர் தடுமாறினால் அங்கேயே நிற்காதீர்கள், மைதானத்துக்கு நடந்து போய் அங்கே ஆடும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்கள் சொல்லிவிடுவார்கள். நன்றி, வணக்கம்.