சட்டி பிடிக்க ஒரு சதுரம்

வணக்கம் நேயர்களே.

குறோசே என்றதும் எங்கள் ஊரில் பலருக்கு நினைவு வருவது முன்கூடத்து மேசையில் விரித்த வெள்ளை விரிப்பும் கதிரை முதுகில் போட்ட பூப்பின்னலும்தான். ஒரு காலத்தில் ரேடியோப் பெட்டிக்கும் ரீவீக்கும்கூட அது தொப்பி போட்டது. நான் இன்றைக்குப் பேச வந்தது அந்தக் கொக்கி ஊசியைக் குசினிக்குள் கொண்டுபோவதைப் பற்றி. கொதிக்கிற சட்டியை இறக்கும்போது கையில் எடுக்கிறோமே, அந்தப் பிடிதுணியைப் பின்னுவது.

அநேகமான வீடுகளில் இந்த வேலையைப் பார்ப்பது ஒரு பழைய சீலைத்துண்டு. அதே துண்டுதான் மேசையையும் துடைக்கும், கழுவிய கையையும் துடைக்கும். பிறகு அந்த ஈரத்தோடு தாச்சியின் காதைப் பிடிப்போம், சுர்ரென்று ஏறும். துணி எங்களைக் காப்பாற்றுவது தன்னுடைய இழைகளுக்கு நடுவே அடைத்து வைத்திருக்கிற காற்றால். அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், காற்றைவிட 20 மடங்குக்கு மேலாக அது சூட்டைக் கடத்தும். போதாததற்கு நீராவியும் கிளம்பிக் கையைச் சுடும். ஆகவே பிடிதுணி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நனைந்திருந்தால் அது பிடிதுணி இல்லை. சோறு வடிக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

காற்றுத்தான் காக்கிறது என்றால், பெரிய பெரிய ஓட்டை விட்டுப் பின்னினால் காற்று கூடுதலாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அடைபட்ட காற்றுத்தான் தடுக்கும். ஓட்டை வழியே விரல் நேரே சட்டியில் படும். பார்க்க வடிவாக, வலைவலையாக, நடுவில் ரோசாப்பூ வைத்துப் பின்னின பிடிதுணிகளை நான் நிறையவே கண்டிருக்கிறேன். சுவரில் மாட்டத்தான் அவை லாயக்கு. குசினிக்குப் பின்னுகிறவர் முதலில் கேட்க வேண்டியது கையை. கண்ணுடைய விருப்பத்தைப் பிறகு பார்க்கலாம்.

இனி நூல். கடையில் போய் ‘வூல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை நூல். நிறம் பளிச்சென்று இருக்கும், விலையும் குறைவு. தொப்பிக்கும் பிள்ளைகளின் பொம்மைக்கும் அது நல்லது. சட்டி பிடிக்க வேண்டாம். அக்ரிலிக் சூட்டில் இளகும், உருகும். உருகினது தோலில் ஒட்டினால் சாதாரணச் சூட்டுக் காயத்தைவிட மோசம். பருத்தி நூல் உருகாது. அதிக சூட்டில் கருகும், அவ்வளவுதான்.

சுற்றியிருந்த லேபிள் தொலைந்துபோய், எது பருத்தி எது அக்ரிலிக் என்று தெரியாமல் வீட்டில் நூல் கிடக்கிறதா? ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, பீரிசுக்கு மேலே வைத்து நெருப்புக்குச்சி காட்டுங்கள். கடதாசி எரிகிற மணம் வந்து, தொட்டால் உதிர்கிற சாம்பல் விழுந்தால் பருத்தி. சுருண்டு உருகி, ஆறினபிறகு கறுப்பு மணிபோல் கட்டியாக நின்றால் அக்ரிலிக் அல்லது பொலியெஸ்டர். கலப்பு நூல் என்றால் இரண்டு குணமும் தெரியும். அதையும் ஒதுக்கிவிடுங்கள்.

தடித்த பருத்தி நூல் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மெல்லிய நூலே மூன்று நான்கு இழையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்த வழி அதுதான். மருதமுனைக் கைத்தறிச் சாரம் பழசாகிப்போனால் எறியாதீர்கள். முக்கால் அங்குல அகலத்தில் நீளநீளமாகக் கிழித்து, முனையோடு முனை தைத்து உருண்டையாகச் சுற்றினால் அருமையான நாடா. அதற்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் ஊசி வேண்டும். மேசையில் சட்டி வைக்கிற வட்டம் பின்ன அதைவிட நல்ல பொருள் கிடையாது. எங்கள் பாட்டிமார் ஓலையிலும் தும்பிலும் செய்த திருகணைக்குப் பக்கத்தில் அதைத் தைரியமாக வைக்கலாம். ஒன்றுமட்டும் பாருங்கள், சாரம் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். இப்போது வருகிற பலவற்றில் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது.

சரி, பின்னலுக்கு வருவோம். வானொலியில் பின்னலைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்தான், ஆனாலும் சதுரப் பிடிதுணி ஒன்றைச் சொல்லித்தரலாம். அதற்குத் தொடக்கச் சங்கிலியைத் தவிர ஒரேயொரு பின்னல் தெரிந்தால் போதும். கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கிற இரண்டு கண்ணிகளுக்குள்ளாலும் ஒரே தடவையில் நூலை எடுக்கிற குட்டைப் பின்னல். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் இதை டபிள் குறோசே என்றும் யூரியூப்பில் அமெரிக்கர்கள் சிங்கிள் குறோசே என்றும் சொல்லுவார்கள். பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம்.

7 அங்குலச் சதுரம் வேண்டுமா? 10 அங்குல நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள், அதாவது ஒரு கண்ணிக்குள்ளால் அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போங்கள். எத்தனை கண்ணி என்பது உங்கள் நூலையும் கையையும் பொறுத்தது, அடிமட்டத்தால் அளந்தால் போதும். இடைத்தரமான நூலுக்கு 4 மில்லிமீற்றர் ஊசி சரி. சங்கிலியின் ஒரு பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு குட்டைப் பின்னல். முனைக்கு வந்ததும் துணியைத் திருப்பாமல், சங்கிலியின் மறுபக்கத்துக் கண்ணிகளில் அப்படியே திரும்பி வாருங்கள். தொடங்கின இடத்துக்கு வந்ததும் நிற்கவேண்டாம், சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போங்கள். கண்ணியைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டு மூன்று சுற்றில் ஓரங்கள் மேலே எழும்பி, நீளமான ஒரு பைபோல் வரும். “என்னடா இது, சதுரம் என்று சொல்லிப் பை பின்ன வைக்கிறாளே” என்று தோன்றும். பொறுங்கள்.

பை 5 அங்குல ஆழம் வந்ததும், அதாவது சங்கிலியின் பாதியளவு, வாயைக் குறுக்கே திருப்பி மூடிப் பாருங்கள். இரண்டு உதடும் நடுவிலே சந்திக்கும். பை தட்டையாகி, இரட்டைத் தடிப்புள்ள சதுரமாகப் படுக்கும். வாயைத் தைத்து மூட வேண்டியதுதான். ஒரு முகத்தில் மூலைக்கு மூலை சங்கிலிக்கோடு ஓடும், மறுமுகத்தில் அதற்குக் குறுக்கே தையல்கோடு ஓடும். வேறு அளவு வேண்டுமென்றாலும் கணக்கு இதுதான்: சங்கிலியின் நீளம் சதுரத்தின் மூலைவிட்டம். இரண்டு சுற்றுக்கு ஒரு நிறம் என்று மாற்றிக்கொண்டு வந்தால், முகம் இரண்டிலும் சாய்வாகக் கோடுகள் விழும். வடிவு அதுவாகவே வந்துவிடுகிறது, பூ எதுவும் ஒட்டத் தேவையில்லை.

பூ வைத்தே தீருவேன் என்பவர்கள் விளிம்பில் வையுங்கள். சிப்பிவடிவ ஓரம் ஒரு சுற்றுப் போட்டால் நன்றாக இருக்கும். மாட்டுகிற வளையத்தைச் சின்னதாக விடுங்கள். நீளமாகத் தொங்கினால் காஸ் அடுப்பின் நெருப்பைப் போய்த் தொடும். குஞ்சம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் திருகோணமலைக் காற்றையும் சொல்ல வேண்டும். கடல் மூன்று பக்கமும் இருக்கிற நகரத்தில் உருக்கு ஊசி விரைவில் துருப்பிடிக்கும். வெள்ளை நூலில் துருக்கறை பட்டால் போகாது. அலுமினிய ஊசி அல்லது மூங்கில் ஊசி வாங்குங்கள். வாடைக் காலத்தில் நூலும் பின்னிமுடித்த துணியும் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் தோய்க்கிற வேலையைக் கச்சான் காற்று வீசுகிற வறண்ட மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் போட்டதும் அது சிவப்பாக மாறும், பயப்படவேண்டாம். சவர்க்காரத்தின் காரம் மஞ்சளுக்குச் செய்கிற வேலை அது. நன்றாக அலசி வெயிலில் காயவிட்டால் மஞ்சளின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போகும். பருத்தி முதல் தோய்ச்சலில் சற்றுச் சுருங்கும். பிடிதுணிக்கு அது நல்லதுதான், பின்னல் இன்னும் இறுகும்.

விற்கலாமா என்று கேட்கும் சகோதரிகளுக்கும் இரண்டு வார்த்தை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் இது விலைபோகும். பாரமில்லை, உடையாது, பெட்டியில் இடம் பிடிக்காது. ஆனால் பலர் நூல் விலையைமட்டும் கூட்டி விலை சொல்லுகிறார்கள். இது எனக்குக் கோபம் வருகிற விஷயம். ஸ்வெற்றர் பின்ன இயந்திரம் உண்டு, உண்மையான குறோசேத் துணியோ கையால் பின்னினது. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது, குறோசே லேஸ் பின்னி விற்றுப் பல குடும்பங்கள் அடுப்பெரித்தன. உங்கள் மணித்தியாலத்துக்கும் கூலி இருக்கிறது, அதைக் கணக்கில் போடுங்கள். பேரம் பேசுகிறவரிடம் துணியைக் கொடுத்து, சூடான கேத்திலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டிக்குக் காது இரண்டு இருப்பதால் ஒன்றொன்றாக விற்காமல் சோடியாகக் கட்டி வையுங்கள்.

நன்றி. வணக்கம்.